ஆறு கணு

கம்மாபுரத்து அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதபடியே காசியம்மாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். ஒப்பாரிக்கு நடுவில், மூச்சு வாங்குகிற இடைவெளியில், அவள் காதோரம் சொன்னாள்.

"கொட்டாயில போயி அந்தக் கழியப் பாரு. எத்தினி கணு முடிச்சிருக்காருன்னு எண்ணிக்கிட்டு வா."

பிறகு விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தாள்.

அன்புக்கரசிக்கு உடனே புரிந்தது. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரிடமும் அம்மா ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், எட்டு மணிக்குக் கேனை எடுத்துக்கொண்டு போனேன், வரிசை நகரவேயில்லை, பத்துக்குக் கால் மணி இருக்கும்போது திரும்பி வந்தேன், கொட்டகை வாசலில் குப்புறக் கிடந்தார். மாரடைப்பு என்றால் ஒரு நொடிதான், வலி தெரிந்திருக்காது என்று வந்தவர்கள் சொன்னார்கள். அம்மா தலையாட்டினாள். அடுத்து வந்தவரிடம் மறுபடியும் எட்டு மணியிலிருந்து தொடங்கினாள். எப்போது விழுந்தார்? எத்தனை நேரம் கிடந்தார்? கூப்பிட்டாரா? பக்கத்து மாவு மில் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

கழியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்பா பக்கிரி மூங்கில் வேலை செய்கிறவர். ஏணி, தொரட்டி, மீன் குத்துகிற ஈட்டி. ஈட்டிக் காம்புக்குக் கல் மூங்கில்தான் எடுப்பார். எந்த மூங்கிலும் நேராக வளர்வதில்லை, கணுவுக்குக் கணு கொஞ்சம் திரும்பும். கொட்டாங்கச்சித் தணலில் கணுவைக் காட்டி, இளகியதும் கவட்டைக் கம்பத்தில் கொடுத்து நெம்புவார். நேரானதும் ஈரக் களிமண்ணை அப்பி, ஆறுகிறவரை பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு கணுவுக்குக் கால் மணி நேரம். அவசரப்பட்டதும் கிடையாது, இழுத்ததும் கிடையாது. அவரிடம் வாட்ச் இல்லை. அவர் மூன்றாம் கணுவுக்குப் போகும்போது காசியம்மாள் சோறு வடிப்பாள்.

இன்றைய கழி ஜமால் முகம்மதுவுக்கு. துபாயிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் ஏரியில் விரால் குத்தப் போகிறவர். ஏழு கணுக் கழி. அம்மா கேனை எடுத்தபோது முதல் கணு தணலில் இருந்தது.

வாசலில் சித்தப்பா ஆதிநாராயணன் பாடை கட்டிக்கொண்டிருந்தார். பச்சை மூங்கில் வெட்டி வந்த கோதண்டபாணியை அவர் விடுவதாக இல்லை.

"மூங்கில்காரன் வூட்டுக்கு வந்து கோணக் கழிய நீட்டுறியே, ஒனக்கே நல்லாருக்குதா?"

"இருக்குறதத்தான வெட்டியார முடியும்."

"இந்தக் கட்டப் பாத்தா எங்கண்ணன் எழுந்து ஒக்காந்து, அவுத்துக் கட்டிட்டுத்தான் மறுபடி படுக்கும்."

கோதண்டபாணி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டைப் போட்டார்.

அன்புக்கரசி வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். கொட்டகையில் அடுப்புச் சாம்பல் வெளுத்திருந்தது. கழி சுவரில் சாய்ந்து நின்றது. அவள் அதை எதிர்பார்க்கவில்லை. விழுகிறவர் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு விழுவார். அப்பா சாய்த்து வைத்திருக்கிறார்.

கிட்டே போனாள். முதல் இரண்டு கணுக்களில் மண் இருந்தது. மற்ற ஐந்தும் வெறும் மூங்கில்.

இரண்டு. அப்படியென்றால் எட்டரை.

அவள் பீங்கான் யூனிட்டில் பொம்மை வார்க்கிறவள். மண்ணைத் தொட்டால் அச்சிலிருந்து எடுத்து எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லிவிடுவாள். இரண்டாம் கணுவைத் தொட்டாள். ஓரத்தில் அப்பாவின் கட்டைவிரல் பதிந்திருந்தது. மண் எலும்பாகக் காய்ந்திருந்தது. இப்போது மதியம் ஒரு மணி. எட்டரைக்கு அப்பிய மண்ணும் ஒன்பதரைக்கு அப்பிய மண்ணும் இந்நேரத்துக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மண் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணிக்கைதான் சொன்னது.

இரண்டு முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்திருக்கலாம். பீடித் துண்டு கிடக்கிறதா என்று தேடினாள். இல்லை. யாராவது பேச வந்திருக்கலாம். வந்திருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பார்கள். தண்ணீர்ப் பானைமேல் மூடி இல்லை. அது அடுப்புக்கு அந்தப் பக்கம் கிடந்தது. தம்ளர் பானைக்குள்ளேயே மிதந்தது. தண்ணீர் குடிக்க வந்திருக்கிறார். குடித்தாரா என்று தெரியவில்லை. பானையிலிருந்து வாசல் நான்கு எட்டு. அவள் நான்கு எட்டு நடந்து பார்த்தாள்.

வாசல் நிலையில் காய்ந்த மண்ணில் வெள்ளையாக ஒரு கைத்தடம் இருந்தது. இடுப்பு உயரத்தில், ஐந்து விரலும் தெளிவாக. ஒரு சாண் கீழே இன்னொன்று, விரல்கள் மட்டும். அதற்குக் கீழே தரைவரை கோடு.

அன்புக்கரசி தன் கையை மேலே இருந்த கையின் மீது வைத்தாள். பிறகு பானைத் தண்ணீரில் துணியை நனைத்து வந்து நிலையைத் துடைத்தாள். மூன்று தடவை அலசித் துடைக்க வேண்டியிருந்தது.

அம்மாவிடம் ஆறு என்று சொல்லிவிடலாம். ஆனால் அம்மா வாய்ச்சொல்லை நம்புகிறவள் இல்லை. பத்து வருடமாக வாங்குகிற கடையிலும் அரிசியைக் கடித்துப் பார்த்துத்தான் வாங்குவாள். கழியைக் கொண்டா என்பாள்.

பிணம் எடுக்கிறவரை சாவு வீட்டில் அடுப்பு மூட்ட முடியாது. மண் அப்ப மட்டும்தான் முடியும். தகர டப்பாவில் மண் இருந்தது. போன வாரம் அவளே யூனிட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது.

மூன்றாம் கணுவில் அப்பினாள். ஈர மண் கறுத்துத் தெரிந்தது. அதை வழித்துவிட்டு, டப்பா விளிம்பில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டிப் பொடியாக்கிப் பிசைந்தாள். மெல்லிசாகப் போட்டாள். நான்கு, ஐந்து. ஆறாவதைக் கொஞ்சம் தடிப்பாகப் போட்டாள், கடைசியாகச் செய்தது கடைசியாகத்தானே காயும் என்று. அப்பாவின் கட்டைவிரல் அகலம். அவள் தன் விரலை இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் அழுத்தி ஒரே தடமாக்கினாள். ஏழாவதை விட்டுவிட்டாள். ஏழும் முடித்திருந்தால் கழியோடு வாசலுக்கு வந்து நின்றிருப்பார்.

கொட்டகைக்குப் பின்னால் வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கத்திரி வெயில். மண் ஓரத்திலிருந்து வெளுத்து வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மில் நின்றது. சாவு வீடு பக்கத்தில் இருப்பதை யாரோ அவர்களிடம் இப்போதுதான் சொல்லியிருக்க வேண்டும்.

குறுக்குக் கழி ஒன்று குறைகிறது என்று தேடிக்கொண்டு சித்தப்பா வந்தார். வெயிலில் இருந்த கழியின் மேல் கை வைத்தார்.

"அது பாய் வூட்டு ஆர்டருங்க சித்தப்பா. காஞ்ச கழி."

அவர் கையை எடுத்தார். ஆனால் பார்வையை எடுக்கவில்லை. உதடு அசைந்தது. எண்ணினார்.

"ஆறு முடிச்சிட்டுதா?"

"ம்."

"அப்படின்னா ரொம்ப நேரம் கெடக்கல." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நானும் காலையிலேருந்து அதத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அவர் அதை வாசலில் போய்ச் சொன்னது இங்கேவரை கேட்டது. அன்புக்கரசி எழுந்து கையைக் கழுவிக்கொண்டு கழியோடு உள்ளே போனாள்.

பெண்கள் விலகி வழிவிட்டார்கள். எதற்கு இந்த நேரத்தில் இது என்று ஒருத்தி கேட்டாள். காசியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"எத்தினி?"

"ஆறும்மா."

"கொண்டா."

கழியை மடிமேல் குறுக்கே போட்டுக்கொண்டாள். ஒரு முனை அத்தையின் முழங்காலைத் தொட்டது, மறுமுனை அப்பாவின் கால்மாட்டில் கிடந்தது. அடியிலிருந்து விரலை ஓட்டினாள். ஒன்று. இரண்டு. அங்கே இருந்த விரல் தடத்தில் தன் விரலை வைத்து எடுத்தாள். மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. விரல் எங்கும் நிற்கவில்லை. அன்புக்கரசி மூச்சை விட்டாள்.

காசியம்மாள் கழியைத் தூக்கி மூக்கருகில் கொண்டுபோனாள்.

தணலில் காட்டிய மூங்கில் கரும்புச்சாறு காய்ச்சுகிற வாசனை அடிக்கும். மண்ணுக்கு அடியிலிருந்தும் அடிக்கும், இரண்டு நாளைக்குப் போகாது. அன்புக்கரசிக்கு இப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

அம்மா முதல் கணுவை முகர்ந்தாள். இரண்டாவதை முகர்ந்தாள். மூன்றாவதில் மூக்கை வைத்தபடி அப்படியே இருந்தாள். நான்காவதுக்குப் போகவில்லை. கழியை மெதுவாக மடியில் இறக்கினாள்.

அத்தை என்ன என்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஆறு கணு முடிச்சிருக்காரு," என்றாள் காசியம்மாள். "நான் தெருமொனையில வந்துக்கிட்டு இருந்தப்பக்கூட வேல செஞ்சிக்கிட்டுத்தான் இருந்திருக்காரு."

"கெடக்காத போயிட்டுதே எங்கண்ணன்," என்று அத்தை மறுபடியும் தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

காசியம்மாள் சேரவில்லை. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவள் வலது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கழுவியும் நகக்கண்ணெல்லாம் வெள்ளையாக இருந்தது. கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். சுண்டுவிரலிலிருந்து, ஒவ்வொரு விரலாக, அந்த மண்ணை எடுக்கத் தொடங்கினாள்.