முதல் குமிஸும் மெதெர்பெக்கின் காதுகளும்

வருடத்தின் முதல் குமிஸை சூராகான் மரப்பீப்பாயிலிருந்து மொண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். பக்கத்துக் கூடாரங்களிலிருந்து வந்த பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கிண்ணமாகக் கைமாறி வந்தது, கடைசியாக அவள் கணவர் மெதெர்பெக்கிடம் வந்து நின்றது. அவர் உள்ளங்கையால் கிண்ணத்தின் வாயை மூடினார்.

"வயிறு நெறஞ்சிருக்கு," என்றார்.

முதல் குமிஸுக்கு வயிறு நிறைந்தவனை சூசமீர் பள்ளத்தாக்கில் யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் சூராகானைப் பார்த்தார்கள். பிறகு நாகரிகமாகக் கூடாரத்தின் கூரையைப் பார்த்தார்கள். மனைவி புளிக்க வைத்த குதிரைப்பாலை ஒருவன் வேண்டாமென்றால் அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான்.

உண்மையில் அன்று பத்தொன்பதாவது நாள். இருபத்தெட்டு நாளைக்கு அவர் குமிஸைத் தொடக்கூடாது. அதை வெளியே சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை. குமிஸ் ஆகாது என்று சொல்லிவிட்டு எந்த முகத்தோடு குதிரையேறுவது என்று சூராகானிடம் கேட்டிருந்தார்.

நாலைந்து வருடமாகவே அவருக்குத் தலை பிளக்கும், மூக்கு அடைத்துப் பிறகு ஓடையாக ஓடும், தோல் தடித்து அரிக்கும், நெஞ்சு படபடக்கும். பள்ளத்தாக்கில் எல்லா நோய்க்கும் மருந்து ஒன்றே: குமிஸ். அதுவும் நன்றாகப் புளித்ததாக இருந்தால் விசேஷம். சூராகான் அவருக்கென்று மூன்று நாள் புளித்ததைத் தனியே எடுத்து வைத்துக் கொடுத்தாள். குடித்ததும் கன்னமும் காதும் செக்கச்செவேலென்று ஆகும். ரத்தம் நன்றாக ஓடுகிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். குமிஸ் குடித்து உடம்பு தேற்ற நகரத்திலிருந்து வருகிறவர்கள் அவருடைய கன்னத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு கேன் வாங்கிப் போனார்கள். மறுநாள் அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்துக்கிடப்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த வசந்தத்தில் ஒருநாள் சேணத்தைப் பிடித்தபடியே சரிந்து இறங்கினார். சூராகான் அவரை நகரத்துக்கு இழுத்துப் போனாள். ஒவ்வாமை பார்க்கிற டாக்டர் ஆட்டிடையர் வீட்டுப் பெண். கையில் வரிசையாக ஊசியால் கீறிப் பார்த்தாள், ரத்தம் எடுத்துப் பார்த்தாள். ஒவ்வாமை எதுவும் அகப்படவில்லை. அவர் பெருமையாகச் சட்டைக் கையை இறக்கி, அப்படியென்றால் கிளம்பலாமா என்று கேட்டார்.

"இருங்க பெரியப்பா. ஹிஸ்டமின்னு ஒண்ணு இருக்கு. புளிச்சது, உலர்த்துனது, நேத்து சமைச்சது, இதுலெல்லாம் அது நெறைய. மத்தவங்களுக்கு உள்ள போனதும் கரைஞ்சிரும். உங்க பட்டிக்கு ஆடு வர்ற வாசல் பெருசு, போற வாசல் சின்னது. உள்ள நெரியுது. அப்படித்தான் எனக்குத் தோணுது."

தோன்றுவதை உறுதி செய்ய ஒரு சோதனையும் இல்லையா என்று சூராகான் கேட்டாள். அடித்துச் சொல்லும்படி எதுவும் இல்லை என்றாள் டாக்டர். நான்கு வாரம் இவற்றை நிறுத்த வேண்டும், தின்றதையும் உடம்பில் நடந்ததையும் எழுத வேண்டும், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். குமிஸ், காய்ந்த தயிர் உருண்டை, குதிரைக்கறித் தொத்திறைச்சி, ஊறப்போட்ட முட்டைக்கோஸ், டப்பா மீன், தக்காளி என்று பட்டியல் நீண்டது.

"மிச்சம் புல்லுதான். அதுக்கும் குதிரைங்க கிட்ட கேக்கணும்," என்றார் மெதெர்பெக்.

எழுதுகிற வேலை சூராகானுடையது. பள்ளி நோட்டு ஒன்றில் எழுதினாள். 'ஒன்பதாம் நாள். காலை: ரொட்டி, புது வெண்ணெய். மதியம்: அன்று அறுத்த ஆடு. காது: வெள்ளை. தலை: சும்மா இருக்கிறது. ஆள்: எரிச்சல்.' ஆடு அறுத்த உடனே கறியைத் துண்டு போட்டு, வடக்கு ஓடையில் உருகாமல் கிடக்கும் பனிக்குள் புதைத்தாள். வேளைக்கு வேளை தோண்டி எடுத்துச் சமைத்தாள். மீந்ததை நாய் தின்று பளபளத்தது. பத்தாம் நாளுக்குப் பிறகு நோட்டில் காது சிவக்கவேயில்லை. அவர் குதிரை மேல் பாட்டுப் பாடினார். அந்தக் கோடைக்குப் பின் அவருக்கு ஐந்து கோடைகள்தான் மீதி என்பதும், அவரைக் கொண்டுபோகப் போவது பனிச்சரிவு என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது. பாட்டு படு மோசமாக இருந்தது.

முதல் குமிஸ் விருந்துக்கு மறுநாள் கலிபா வந்தாள். பக்கத்துக் கூடாரக்காரி, சூராகானை மதினி என்று கூப்பிடுகிறவள். சமாதானம் பேச வேகவைத்த ஆட்டுத்தலையோடு வந்திருந்தாள்.

"எவ அவ, சொல்லு மதினி. முடியப் பிடிச்சு இழுத்துட்டு வந்துர்றேன்."

சூராகான் சிரித்தாள். ஆனால் கலிபா போனபின் பீப்பாயைக் கடையும்போது கை ஓயவில்லை, மனமும் ஓயவில்லை. இருபத்தாறு வருடமாக இந்தக் கையால் ஊற்றியதுதான் அவரைப் படுக்க வைத்ததா? குற்றம் தொத்திறைச்சியின் மேல் விழட்டும், தக்காளியின் மேல் விழட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

இருபத்தெட்டு நாள் முடிந்து தக்காளி வந்தது. மூன்று நாள் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. தொத்திறைச்சிக்கு மூக்கு மட்டும் அடைத்தது. பிறகு குமிஸ், அரைக் கிண்ணம். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருபதாவது நிமிடம் காதுகள் சிவந்தன. கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவள் நோட்டில் ஒரு வார்த்தையும் எழுதாமல் மூடி வைத்தாள்.

"நான்தான் ஊத்தி ஊத்திக் குடுத்தேன்," என்றாள்.

"நீ ஊத்துன. நான் இன்னொரு கிண்ணம் கேட்டேன்ல? ஒரு தடவையாவது ஒரு கிண்ணத்தோட எந்திரிச்சிருக்கேனா?"

மறுநாள் தலைவலி விட்டதும் அவர் குதிரையேறினார். ஒவ்வொரு கூடாரமாகப் போய், இறங்காமலே, தன் உடம்புக்குக் குமிஸ் ஆகாதென்றும் தன் மனைவியுடையதைவிட நல்ல குமிஸ் இந்த மலையில் இல்லையென்றும் சொல்லிவிட்டு வந்தார். கலிபாவின் கணவன் விழுந்து விழுந்து சிரித்தானாம். அவளோ, ஆட்டுத்தலை வீணாய்ப் போயிற்றே என்றாளாம்.

இரண்டு நாள் கழித்து அவர் ஒரு சந்தேகம் கேட்டார். பீப்பாய்க்குள் போகுமுன் அது வெறும் பால்தானே? சூராகான் குன்றின் மேல் ஏறி, சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று டாக்டருக்குப் போன் போட்டாள். கறந்த சூட்டிலேயே, கொஞ்சமாக, என்றாள் டாக்டர்.

சாயங்காலக் கறவை. அவர் குதிரைக்குட்டியைத் தாயின் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். சூராகான் ஒரு முழங்காலை ஊன்றி மடியிலிருந்து நேரே கிண்ணத்தில் கறந்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார். மீசையெல்லாம் வெள்ளை. புல்லில் உட்கார்ந்து நோட்டை விரித்தார்கள். இருபதாவது நிமிடத்தில் சூரியன் மலைமுகட்டில் வந்து அவர் தலைக்குப் பின்னால் நின்றது. வெளிச்சம் ஊடுருவி அவருடைய இரண்டு காதுகளும் பவளம்போல் எரிந்தன.

"இந்தப் பக்கம் திரும்புங்க," என்றாள் சூராகான். அவர் திரும்பாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பாலுக்கு அவசரப்பட்ட குட்டி அவர் முதுகை முட்டியது.