மேனேஜரின் கூடை

எங்க வீட்டுல சர்க்கரை நோயாளிங்க ரெண்டு பேர். ஒருத்தர் எங்க அப்பா. இன்னொருத்தன் மேனேஜர். மேனேஜர்னா பூனை. ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாம, உயரமான இடமாப் பார்த்து உட்கார்ந்துக்கிட்டு, வேலை செய்யற எல்லாரையும் முறைக்கிறதால அப்பா வெச்ச பேரு. அவனுக்கும் இப்ப வயசாயிடுச்சு. பின்னங்கால்ல பலம் போய், குதிகாலைத் தரையில பதிச்சு தளர்ந்து நடக்கிறான். அதுவும் சர்க்கரையால வந்த வினைதான்.

ரெண்டு பேருக்கும் தினம் ஊசி. ரெண்டு பேருக்கும் நான்தான் ஆயா. ஃபிரிட்ஜ் கதவுல மேல் தட்டு அப்பா மருந்துக்கு, கீழ்த் தட்டு பூனை மருந்துக்கு. சிரிஞ்சுகூட வேற வேற, பூனையோடதுக்கு சிவப்பு மூடி. காலையில எழுந்ததும் பூனைக்குக் காதோரத்துல ஒரு குத்து, அப்பாவுக்கு விரல் நுனியில ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷின்ல பார்க்கணும். ரெண்டு பேரும் ஒரே மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. பூனை சாப்பிட்டானா, தட்டு காலியான்னு பார்த்துட்டுத்தான் பிடரித் தோலைத் தூக்கி ஊசி போடணும். அப்புறம் அரக்கப் பரக்கக் கண்ணாடிக் கடைக்கு ஓடணும். நாள் முழுக்க மூக்குக்கண்ணாடி லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்த மாதிரி ஓரம் தேய்க்கிற வேலை. நின்னு நின்னு கால் வீங்கிப் போய் வீட்டுக்கு வந்தா, திரும்பவும் குத்து, ஊசி, தட்டு.

இவ்வளவு பாடுபட்டும் ரெண்டு பேருக்கும் சர்க்கரை இறங்கவே இல்ல. அதை நினைச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். பூனையைப் பார்க்கிற டாக்டரம்மா மருந்தைக் கொஞ்சம் ஏத்தினாங்க. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். அப்பாவோட டாக்டரும் அதே கதைதான். "வீட்டுல வேற ஏதாவது சாப்பிடறாரா?"ன்னு அவர் கேட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. "என் வீட்டுலயா? சர்க்கரை டப்பாவையே அலமாரியில வெச்சுப் பூட்டி, சாவியைக் கைப்பையில போட்டுக்கிட்டுத் திரியறேன் சார்!" அப்பா பக்கத்துலயே உட்கார்ந்து, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி ஆமா ஆமான்னு தலையாட்டினார்.

போன வாரம் குளியலறைத் தரையை உடைச்சுப் போட்டாங்க. வீடு முழுக்க தூசி, அப்பாவுக்கு இருமல். அண்ணன் வந்து, வேலை முடியற வரைக்கும் எங்க வீட்டுல இருக்கட்டும்னு கூட்டிட்டுப் போயிட்டான். மேனேஜருக்கு இடம் மாறினா சாப்பாடு இறங்காது, அதனால அவன் என்னோட. அப்பா படியிறங்கறப்ப பூனையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனார். பெத்த பொண்ணை ஒரு தடவைகூடப் பார்க்கல. பாசம்னு நினைச்சு நானும் உருகிட்டேன், மக்கு!

அண்ணிக்குப் போன் போட்டு நான் ஒரு பிரசங்கமே பண்ணினேன். எங்க அண்ணி சொன்னதைச் சொன்னபடி செய்யற ஆளு. இடதுபக்கம் திரும்புன்னு சொல்லிட்டா சுவர் வந்தாலும் நிக்க மாட்டாங்க. "அண்ணி, ஊசி அளவு ஒரு சொட்டு குறையக் கூடாது. ஒரு பிஸ்கட், ஒரு வாய் ஜூஸ்கூடக் கண்ணுல காட்டக் கூடாது. கெஞ்சுவார், தலை சுத்துதும்பார், மயக்கம் வருதும்பார். எல்லாம் நடிப்பு. நம்பிடாதீங்க."

"நீ கவலைப்படாதே, என்கிட்ட அந்த வேலையெல்லாம் நடக்காது"ன்னாங்க.

நேத்து காலையில மேனேஜர் காதுல குத்திப் பார்த்தா, என் கண்ணையே என்னால நம்ப முடியல. நம்பர் நல்லா இறங்கியிருந்துச்சு! அந்த நேரம் பார்த்து அண்ணியும் போன். "மாமாவுக்கும் இறங்கியிருக்கு." எனக்குத் தலைகால் புரியல. "பார்த்தீங்களா அண்ணி, கண்டிப்பா இருந்தா தானா வழிக்கு வருது!" அப்படின்னு பெருமை பீத்திக்கிட்டு, மேனேஜருக்கு வழக்கமான முழு அளவையும் குத்திட்டுக் கடைக்குப் போனேன். அப்பாவுக்கும் அதே அளவைப் போடுங்கன்னு அண்ணிகிட்ட சொல்லியிருந்தேன்.

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தா வழக்கமா ஷூ ஸ்டாண்டு மேல உட்கார்ந்து, ஏன் லேட்டுன்னு முறைக்கிறவனைக் காணோம். சமையலறை மூலையில கிடந்தான். எழுந்திருக்கப் பார்த்து, குடிகாரன் மாதிரி சாஞ்சு விழுந்தான். கழுத்து ஒரு பக்கமா வெட்டி வெட்டி இழுக்குது. கண்ணு என்னைப் பார்க்குது, ஆனா என்னைத் தெரியல.

சர்க்கரை தாழ்ந்து போனா இப்படித்தான் ஆகும்னு டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தாங்க. ஈறுல சர்க்கரைக் கரைசலைத் தடவு, வாயில ஊத்தாதே, புரையேறிடும், தடவிட்டு உடனே தூக்கிட்டு வான்னு. சரி, சர்க்கரை எங்கே? பூட்டி வெச்சிருக்கேன்! மகராசி நான்! கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி, சில்லறை, சீப்பு, லென்ஸ் துடைக்கிற துணி எல்லாத்துக்கும் நடுவுல சாவியைத் தேடி எடுத்து, பூட்டைத் திறந்தேன். தண்ணியில குழைச்சு விரலால ஈறுல தேய்ச்சேன். "டேய், போயிடாதடா, அப்பாவுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்"னு அழுதுக்கிட்டே தேய்ச்சேன்.

அவனைத் தூக்கிட்டுப் போகக் கூடையை இழுத்தேன். பரண் மேல இருக்கிற அந்தக் கூடையை அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக மட்டும்தான் எடுப்போம். எடுத்துக் கொடுக்கிறதும் துண்டு விரிக்கிறதும் அப்பாதான். "உன் கால் வலிக்கும்மா, நான் பார்த்துக்கிறேன்"னு சொல்லுவார். துண்டு சுருண்டு கிடந்துச்சேன்னு உதறினேன். பொலபொலன்னு தூள். அடியில பார்த்தா க்ரீம் பிஸ்கட். பிரிச்ச பாக்கெட், பிரிக்காத பாக்கெட், ஒழுங்கா அடுக்கி வெச்சிருக்கு. ஒரு ஓரத்துல க்ரீமை மட்டும் நக்கிட்டு விட்ட பிஸ்கட், பூனை முடியோட.

ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க! வீட்டு ஆளுங்க ரெண்டு பேரும் சேர்ந்து இத்தனை நாளா என் கண்ணுல மண்ணைத் தூவியிருக்காங்க. அந்த நிமிஷம் அப்பா எதிர்ல இருந்திருந்தா என்ன பேசியிருப்பேன்னு எனக்கே தெரியாது. பாக்கெட்டையெல்லாம் தரையில வீசிட்டு, பூனையைக் கூடையில வெச்சுத் தூக்கிக்கிட்டு ஓடினேன்.

டாக்டரம்மா குளுக்கோஸ் ஏத்தினாங்க. கொஞ்ச நேரத்துல கழுத்து வெட்டுறது நின்னுச்சு. மேனேஜர் தலையைத் தூக்கி, என்னையும் டாக்டரம்மாவையும் மாறி மாறி முறைச்சான். அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. பிஸ்கட் கதையைப் பல்லைக் கடிச்சுக்கிட்டே சொன்னேன்.

"அதானே பார்த்தேன்"னாங்க. "தினமும் உள்ளே இனிப்பு போயிட்டே இருந்திருக்கு. அதை அடக்கத்தான் நாம மருந்தை ஏத்திக்கிட்டே போயிருக்கோம். இப்ப இனிப்பு நின்னுடுச்சு, மருந்து நிக்கல. பிஸ்கட் கொடுத்த ஆளு திடீர்னு ஊருக்குப் போயிட்டாரா?"

"ஆமா, எங்க அப்பா. அவருக்கும் சர்க்கரைதான், டாக்டர். இவனுக்குக் கொடுத்த மிச்சத்தை அவர்தான்..."

மருந்தை ஏத்தினது இவனுக்கு மட்டுமா?

அண்ணனுக்குப் போன் அடிச்சேன், எடுக்கல. அண்ணிக்கு அடிச்சேன், ரிங் போய்க்கிட்டே இருக்கு. எடுத்துத் தொலைங்களேன்னு நான் கத்தினதுல பக்கத்துல நாயோட இருந்தவர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார். கடைசியில எடுத்தாங்க.

"அண்ணி, அப்பா எங்கே?"

"மாமாவா? கோவிச்சுக்கிட்டு சோபாவுல கிடக்கிறார். காலையில இருந்து நீ சொன்ன அதே நாடகம்தான். தலை சுத்துது, கை நடுங்குது, ஒரு ஸ்பூன் சர்க்கரை குடும்மான்னு ஒரே கெஞ்சல். நான் அசையலையே! இப்ப கூப்பிட்டா ஏதோ உளர்றார். சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு, இந்த வெயில்..."

"அண்ணி, சர்க்கரை குடுங்க!"

"என்னது?"

"சர்க்கரை! தண்ணியில கரைச்சு! விழுங்கறாரான்னு பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க! அண்ணனை ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்க!"

"நீதானே ஒரு சொட்டு கூடாதுன்னு..."

"நான் சொன்னதைத் தூக்கிக் குப்பையில போடுங்க அண்ணி! ஓடுங்க!"

போனை வைக்காமலேயே ஓடினாங்க. டப்பா உருள்ற சத்தம், ஸ்பூன் சத்தம், "மாமா, வாயைத் திறங்க, மாமா"ன்னு அண்ணியோட குரல் உடையற சத்தம், எல்லாம் கேட்டுச்சு. அப்பா குரல் மட்டும் கேட்கல. நடிப்பு, நம்பிடாதீங்கன்னு சொன்னது இந்த வாய்தான். அந்த நேரத்துல அந்த வாயை அறைஞ்சுக்கலாம்னு இருந்துச்சு. மேனேஜர் கூடைக்குள்ள இருந்து ஒரு காலை நீட்டி என் முழங்கை மேல வெச்சான்.

ரொம்ப நேரம் கழிச்சு, ரொம்ப மெல்லிசா ஒரு குரல். "தண்ணியில சர்க்கரையே பத்தலையே..."

அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு. ஆஸ்பத்திரின்னும் பார்க்காம கத்தித் தீர்த்துட்டேன்.

சாயங்காலம் டாக்டரைப் பார்த்து, மருந்தைக் குறைச்சு எழுதி வாங்கிக்கிட்டு அண்ணன் அப்பாவை இங்கேயே கொண்டு வந்து விட்டான். தூசியாவது பரவாயில்ல, இவர் என் கண் முன்னாடி இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். அண்ணி என் முகத்தைப் பார்க்கல, நானும் அவங்க முகத்தைப் பார்க்கல. அவங்க போனப்புறம் பிஸ்கட் பாக்கெட்டையெல்லாம் பொறுக்கிக் கொண்டு வந்து மேஜை மேல போட்டேன். அப்பா அதைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். பூனை சுவரைப் பார்த்துச்சு.

"நாள் ஒண்ணுக்கு எத்தனை? அந்த டாக்டரம்மா கேட்டிருக்காங்க. உண்மையைச் சொல்லுங்க."

"எனக்கு ரெண்டு. அவனுக்கு க்ரீம் மட்டும்."

"அப்பா!"

"அஞ்சு, ஆறு இருக்கும்"னார். "தனியாத் திங்கலாம்னுதான் பார்த்தேன். எதிர்ல உட்கார்ந்து மூஞ்சியையே பார்க்கிறான். எப்படிம்மா மனசு வரும்?"

"எனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கிறது தெரியலையா? ரெண்டு பேரும் ஒரே நாள்ல போயிருந்தா நான் யாரைப் பார்த்துக் கத்திக்கிட்டு இருப்பேன்?"

அப்பா தலையைத் தூக்காமலேயே சொன்னார். "காலையில நான் சொன்னது நிஜம்மா. நிஜமாவே தலை சுத்துச்சு. யாருமே நம்பல."

எழுந்து போய் அலமாரிப் பூட்டைக் கழட்டிக் குப்பையில போட்டேன். சர்க்கரை டப்பாவைக் கொண்டு வந்து மேஜை நடுவுல வெச்சேன்.

"இனிமே தலை சுத்துதுன்னு நீங்க சொன்னா நம்புவேன்"னேன்.

அப்பா டப்பாவைப் பார்த்தார். "பொய் சொன்னா?"

"அப்பவும் ஸ்பூனை எடுத்துக்கிட்டு ஓடி வருவேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க என்னை?"

அவர் டப்பாவை என் பக்கமா மெதுவாத் தள்ளி வெச்சார். நான் விரல் ஊசியை எடுத்தேன். கேட்காமலேயே கையை நீட்டினார்.