முகம் பார்க்காத கை

விடிந்தும் விடியாத நேரத்திலேயே சிகிச்சை நிலையத்து வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். வேலைக்குப் போகும் முன் கழுத்தையும் இடுப்பையும் சரிசெய்துகொள்ள வருகிறவர்கள். உள்ளே, திரைத்துணி தடுத்த கட்டில்களுக்கு நடுவே, கழுத்தக்கா கைகளை வெந்நீரில் முக்கி உதறினாள். கட்டைவிரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. ஊரார் வலியெல்லாம் அங்கே குடியேறிவிட்டது போலிருந்தது.

முதலாளியின் புது ஏற்பாடு வந்த நாளிலிருந்துதான் அவளுக்கு அந்தப் பெயர். முன்பெல்லாம் ஒரே ஆள் நோயாளியை உட்கார வைத்து விசாரித்து, பிடித்துவிட்டு, அனுப்பி வைப்பார். இப்போது உடம்பைப் பங்கு போட்டாகிவிட்டது. முன்மேசைப் பெண் விசாரிப்பாள். தோள்காரி தோளை இளக்குவாள். மணி அடித்ததும் கழுத்தக்கா வந்து கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பாள். அடுத்த மணிக்கு முட்டியண்ணன்.

"நம்ம எல்லாரையும் சேத்தாத்தான் ஒரு ஆளு தேறுவோம் போல," என்று முட்டியண்ணன் சிரிப்பார்.

அன்று ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண் மல்லாந்து படுத்திருந்தாள். கண்மேல் ஈரத்துண்டு. மணி அடித்தது. கழுத்தக்கா தலையை ஏந்தி, மெல்லச் சாய்த்து, சட்டென்று திருப்பினாள். சொடக்கு விழுந்தது.

துண்டை எடுத்ததும் அந்தப் பெண் கூரையையே பார்த்தாள்.

"விளக்கு ரெண்டா தெரியுதுங்க." நாக்குக் குழறியது. எழப் பார்த்தவள் ஒரு பக்கமாகச் சரிந்து வாந்தி எடுத்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்களிடம் முதலாளியே பேசினார். "சும்மா படுத்திருந்தாங்க, திடீர்னு மயக்கமாயிட்டாங்க." கழுத்தக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் அவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். வண்டி போய்விட்டது.

முன்மேசைப் பெண் அழுதுகொண்டே வந்தாள். "கழுத்துல புதுசா வலி, தலையும் சுத்துதுன்னாங்கக்கா. உள்ள சொல்லிடுங்கன்னு அனுப்பிட்டேன்."

"எங்கிட்ட சொன்னாங்க," என்றாள் தோள்காரி. "தோளத்தானே தொடப்போறோம்னு விட்டுட்டேன். கழுத்துக்கு வர்றப்ப நீ கேப்பன்னு நெனச்சேன்."

"நீங்க கேட்டிருப்பீங்கன்னு நான் நெனச்சேன்," என்றாள் கழுத்தக்கா.

கேட்டிருந்தால் அந்தக் கழுத்தை அவள் தொட்டிருக்கவே மாட்டாள். படித்த காலத்தில் கற்ற முதல் எச்சரிக்கை அது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கழுத்துக்குள் கிழிந்திருந்தாலும் இப்படித்தான் வலிக்கும், தலை சுற்றும். திருப்பினால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பெண்ணின் முகம்கூட அவளுக்குச் சரியாக நினைவில்லை. கைக்குத்தான் அந்தக் கழுத்து நினைவிருந்தது.

முதலாளி உள்ளே வந்தார்.

"சார், கழுத்தத் திருப்பினத ஆஸ்பத்திரில சொல்லணும். தெரியாம அவங்க வேற எதையோ தேடிட்டு இருப்பாங்க."

"யாரும்மா திருப்பினது? நானா?"

"நான்தான் சார்."

"அப்ப உன் கைக்கு நீதான் பொறுப்பு. வாயத் திறந்தா ஜெயிலுக்குப் போறது நீ. ஆளுங்க காத்திருக்காங்க, கட்டிலத் தொடச்சு விடு."

"மணியடிச்சு, கேக்க நேரம் குடுக்காத கைக்கு யாரு சார் பொறுப்பு?" என்றார் முட்டியண்ணன்.

"நீ முட்டிய மட்டும் பாரு."

முதலாளி மணியை அடித்தார். யாரும் அசையவில்லை. மறுபடி அடித்தார்.

முன்மேசைப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பார்த்தாள். எடுப்பாரில்லை. கழுத்தக்கா மேலங்கியைக் கழற்றினாள். "நான் நேர்ல போறேன். நீங்க இருங்க, பிள்ளகுட்டிக்காரங்க."

"ஒண்டியா போனா ஒண்டியா மாட்டுவ," என்று தோள்காரியும் கழற்றினாள். "அந்தக் கழுத்த உன் கையில குடுத்தது நான்தானே."

முட்டியண்ணன் வாசலுக்குப் போய்க் காத்திருந்தவர்களிடம் சொன்னார். "வீட்டுக்குப் போங்க. முகத்தப் பாத்து விசாரிக்காம இனிமே யார் மேலயும் கை வெக்கிறதா இல்ல." சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் திட்டிவிட்டே போனார்.

ஆஸ்பத்திரிக்கு நால்வருமே போனார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டதும் அவசரப் பிரிவு டாக்டர் முகம் மாறி உள்ளே ஓடினார். கழுத்தை ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனார்கள்.

"பொழச்சுப்பாங்களா?" என்று கேட்டாள் கழுத்தக்கா.

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது," என்றாள் நர்ஸ்.

அந்தப் பெண்ணின் கணவர், மனைவியின் கைப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தார். "நீங்கள்லாம் யாருங்க?"

கழுத்தக்கா அவர் முன்னால் போய் நின்றாள். தோள்காரி நெருங்கி நின்றாள். முட்டியண்ணனும் முன்மேசைப் பெண்ணும் வந்து நின்றார்கள்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்ல வந்திருக்கோம். உக்காந்து சொல்லலாமாங்க?" என்றாள் கழுத்தக்கா.

அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார்.