யூசர்நேம் கட்டத்தில் யார் பெயர்?

1

இந்தக் கதை எனக்குச் சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையொன்றில் ஓசியில் கிடைத்தது. பக்கத்து மேசையில் மடிக்கணினியோடு ஒரு பெண். "பாஸ்வர்ட் சரிதான் லா. ஆனா உள்ளே விட மாட்டேங்குது" என்று இங்குள்ளவர்கள் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு போனில் யாரிடமோ சொன்னாள். பேச்சில் அவ்வளவுதான் காதில் விழுந்தது. பெயர், ஊர், விவாகரத்து எல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'செங்காங்கில் அன்று மழை —' வேண்டாம். போன வாரம்தான் இன்னொரு கதையை மழையில் ஆரம்பித்தேன்.

இரண்டாவது: சிவதர்ஷினி அலுவலகக் கூட்டம் ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டு, மகள் தாரகாவை நீச்சல் வகுப்பிலிருந்து அழைத்துவர மறந்துபோனாள். பிள்ளை ஈரத் தலையோடு வாசலில் காத்திருந்தது. (இது நிற்கட்டும்.)

பிள்ளையை யார், எப்போது அழைப்பது என்பதெல்லாம் ஒரு பொது நாட்காட்டியில் இருக்கிறது. அதை நடத்துவது அவளுடைய முன்னாள் கணவன் யதீசன், பொங்கோலில் தன் வீட்டு அலமாரியில் வைத்திருக்கும் சின்ன சர்வர் கணினியில். அவன் எழுதுவான், அவள் பார்ப்பாள். பேச வேண்டியதே இல்லை. அலுவலக வேலைகளோடு அதையும் ஒரே திரையில் பார்த்துவிட்டால் தாரகா இன்னொரு முறை காத்து நிற்க மாட்டாள்.

போனில் இமெயில் முகவரி கொடுத்தால் நாட்காட்டி திறக்கிறது. புது மடிக்கணினியின் மென்பொருளோ யூசர்நேம்தான் வேண்டும் என்கிறது. 'சிவதர்ஷினி ஏரம்பமூர்த்தி' என்று அப்பா பெயரோடு தட்டினாள். மறுத்தது. மறுபடி தட்டினாள். மறுபடியும் மறுப்பு. வேறு வழியில்லாமல் அவனையே கூப்பிட்டாள்.

3

யதீசனை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதினேன். 'வேண்டுமென்றே அவளைப் பூட்டி வெளியே நிறுத்திய அவன், உதட்டோரம் —' அடித்துவிட்டேன். முதல் மணியிலேயே போனை எடுக்கிறவன் வில்லனாக மாட்டான்.

"யூசர்நேம் என்ன போட்ட?"

"என் பேர்தான். உங்க சர்வருக்கு என் பேர் கூடத் தெரியலையா?"

(மனைவியாக இருந்தவரை 'நீ' என்றவள். பிரிந்த பிறகுதான் 'நீங்க' வந்தது.)

"அது கல்யாணமான வருஷம் போட்ட அக்கவுண்ட். என் பேரைச் சேத்துப் போட்டேன். ஸ்கிரீன்ல தெரியற பேரை நீ அப்புறம் மாத்திட்ட. லாகின் பேரு மாறாது."

"அப்ப சிவதர்ஷினி யதீசன்னு அடிக்கணுமா?"

"ஒரு தடவை அடிச்சா போதும். அதுவே ஞாபகம் வச்சிக்கும்."

"அது வச்சிக்கும்."



"வேணாம்னா உங்கப்பா பேர்ல புதுசு போட்டு, பழசெல்லாம் அதுக்கு மாத்திடலாம். ரெண்டு பேரும் உக்காந்து செய்யணும். சனிக்கிழமை ப்ரீயா?"

"ப்ரீயா இல்லையான்னு பாக்கத்தானே லா இவ்வளவு பாடு!"

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். (அந்தச் சிரிப்பு மட்டும் நிஜம். பக்கத்து மேசையில் கேட்டது.)

4

அவன் பெயரைத் தட்டினால் அவனைப் பார்க்க வேண்டாம். அந்தப் பெயரை ஒழிப்பதென்றால் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும்.

முடிவு ஒன்று: அவள் தட்டினாள். நாட்காட்டி திறந்தது. கண் மட்டும் —

முடிவு இரண்டு: சனிக்கிழமை, பொங்கோல் ரயிலில் —

இரண்டையும் நிறுத்திவிட்டேன். ஏனென்றால், போனை வைத்துவிட்டு அந்தப் பெண் நிஜமாகவே ஏதோ தட்டினாள். எட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால், ஒருவர் லாகின் செய்யும்போது பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதானே முறை?

நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்கள்.