மூடிமேல் தணல்

...கீழே தணல் கூடிவிட்டதோ, சிரட்டைத் தணல் பொல்லாதது, சதுப்புக்காட்டுப் பாக்காவ் மரத்துக் கரி என்றால் சொன்ன பேச்சைக் கேட்டு நின்று எரியும், ஆனால் அந்தக் கரிச்சாக்கை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வண்டி ஏறியாயிற்று, யாரைக் குறை சொல்ல, தன்னைத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும், சாக்கைத் தூக்கி வைத்துவிட்டு மகள் ரோஹானாவுக்குப் பின்னல் போடப் போனாள், போனவளின் நினைப்பெல்லாம் பின்னலிலேயே நின்றுவிட்டது, ஆறு வயதுப் பிள்ளையின் தலையை இன்னும் எத்தனை நாளைக்குத் தன் கையால் வாரிவிடப் போகிறோம் என்று... காமாரியா மணலில் குந்தியபடியே இரும்புச் சட்டியின் பக்கம் காதைக் கொண்டுபோனாள். உள்ளே களகளவென்று கேட்டால் ஈரம் இருக்கிறது, சடசடவென்று கேட்டால் அடிப்பிடித்துவிட்டது. கடல் போடுகிற இரைச்சலில் எது களகள, எது சடசட, யார் கண்டார்கள். திறந்து பார்க்கலாம் என்றால் முடியாது, மூடியைச் சுற்றி மாவு பூசி அடைத்தாயிற்று, இப்போது திறந்தால் தம் போய்விடும், தம் போனால் சோறு ஒரு பக்கம் குழைந்து ஒரு பக்கம் விதைவிதையாக நிற்கும், இன்றைக்கென்று பார்த்தா அப்படி நிற்க வேண்டும். சஃபர் மாதத்து ஒடுக்கத்துப் புதன், பினாங்கில் பாதி ஜனம் தஞ்சோங் பூங்காக் கடற்கரையில்தான் கிடக்கிறது, பீடை கழியட்டும் என்று முழுக்குப் போட்டுவிட்டு வருகிறவர்களின் பசி சும்மா பசியா. அதிலும் இன்றைக்குச் சாப்பிட உட்காரப் போகிற மூன்று பேரில் ஒருத்தி இவள் புருஷன் ஷேக் அலாவுதீனுடைய மூத்த சம்சாரம்.

சித்தி ஹாஜரா நாகூரிலிருந்து கப்பலில் வந்து இறங்கி எட்டு நாள் ஆகிறது. எட்டு நாளில் ஒரு சுடுசொல் உண்டா, இல்லை, அதுதான் காமாரியாவுக்குத் தொல்லையாக இருந்தது, சண்டைக்காரியாக இருந்தால் இவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொள்ளலாம், இது என்னடா என்றால் வந்த அன்றைக்கே "எங்க ஊருல அக்காவ லாத்தாம்போம், நீ ஒனக்கு எப்படி வருதோ அப்படிக் கூப்புடு புள்ள" என்று சிரித்துவிட்டது. சிரிக்கிறவளிடம் எப்படி முகம் கொடுப்பது, எப்படி முகம் கொடுக்காமல் இருப்பது. கல்யாணமாகிப் பதினைந்து வருஷம், பிள்ளையில்லை, புருஷனைக் கண்ணால் பார்த்ததே நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, பாவந்தான், காமாரியா ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை, பாவம் என்று அவளுக்கும் தெரியும், ஆனால் பாவம் பார்த்துப் பிள்ளையையா தூக்கிக் கொடுப்பார்கள்? ஹாஜரா வந்த மூன்றாம் நாள் காலையில் அவர் கடைக்குப் புறப்பட்டு, தொப்பியைத் தலையில் சரிசெய்தபடி, ஏதோ மிளகுமூட்டை வந்து இறங்கியதைச் சொல்வதுபோலச் சொன்னார், "ரோஹானாவை ஹாஜராகூட நாகூருக்கு அனுப்பி வைக்கலாம்னு பாக்குறேன், அங்க நல்லா ஓதிப் படிக்கட்டும், அவளுக்கும் ஒரு தொணையாச்சு, நீ என்ன சொல்றே?" காமாரியா ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள், இல்லாத கல்லையெல்லாம் பொறுக்கினாள், அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அத்தனை நேரம் வாயைத் திறக்காமல் இருந்தோமே, அது போதாதா, பெற்றவள் மாட்டேன் என்று இதைவிட எப்படிச் சொல்வாள்? அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. விட்டுவிட்டார் என்று நிம்மதியாகத்தான் இருந்தாள், நேற்று அவர் அந்தத் தகரப்பெட்டியோடு வருகிறவரைக்கும். சின்னப் பெட்டி, நீலப்பூ போட்டது, பெரியவர்கள் துணி நாலு வைத்தால் ஐந்தாவது வெளியே நிற்கும். யாருக்கு என்று இவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைச் சீட்டு வைக்கவாக இருக்கும், தைலப் புட்டி வைக்கவாக இருக்கும், பூப்போட்ட பெட்டியில் சீட்டு வைக்கக் கூடாது என்று சட்டமா என்ன...

காற்று மாறியிருந்தது. கடல் பக்கத்திலிருந்து அடிக்கிற காற்று மூடிமேல் ஒரு ஓரத்துத் தணலை மட்டும் ஊதி ஊதிச் சிவக்க வைத்தது, அப்படியே விட்டால் அந்தப் பக்கத்துச் சோறு கருகும். துணியைச் சுற்றிப் பிடித்துச் சட்டியை வலப்பக்கம் கால் வட்டம் திருப்பினாள், இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்னொரு கால் வட்டம், அப்படித் திருப்பிக்கொண்டே இருந்தால்தான் சூடு ஒன்றுபோல் இறங்கும். சட்டிக்கு மூன்று கால், மூடிக்கு விளிம்பு கட்டியிருக்கும், தணலை அள்ளி மேலே போட்டால் சிந்தாது, சுமத்ராவில் டெலிப் பக்கம் ஒரு டச்சுக்காரன் தோட்டத்தை விட்டுப் போகும்போது சாமான்களை விற்றானாம், அங்கே சரக்கு எடுக்கப் போனவர் இதைத் தூக்கமுடியாமல் தூக்கி வந்தார், "இதுல நீ என்ன ஆக்கினாலும் நல்லா இருக்கும்" என்று சொல்லி இவள் முன்னால் தொப்பென்று வைத்தார், ரோஹானா வயிற்றில் இருந்த சமயம் அது. அப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் இவள் முகத்தைப் பார்த்துச் சொல்வார். இப்போது கடலில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார், பிள்ளையைக் கைகளில் ஏந்தி அலை வரும்போதெல்லாம் தூக்குகிறார், அது வீறிட்டுச் சிரிக்கிறது, கரையில் தண்ணீர் காலைத் தொடுகிற இடத்தில் ஹாஜரா முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நின்று அதையே பார்க்கிறாள். அந்தப் பார்வை, என்ன பார்வை அது, துணிக்கடையில் ஒரு சேலையை இதுதான் என்று முடிவு செய்துவிட்டு மடித்துக் கட்டித் தருவதற்காகக் காத்து நிற்பார்களே... சீ, என்ன நினைப்பு இது, வாயில்லாத மனுஷியைப் போய். ஆனால் வாயில்லாதது யார்? ஐயையோ, புகை வாசமா வருகிறது, சிரட்டைப் புகையா, சோற்றுப் புகையா?

"தீய்ஞ்ச வாசம் வருதே புள்ள." ஹாஜரா எப்போது இந்தப் பக்கம் வந்தாள் என்று தெரியவில்லை, பக்கத்தில் குந்தியிருந்தாள். காமாரியாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று, ஒரு சட்டிச் சோற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் பிள்ளையை எங்கே பார்க்கப்போகிறாள் என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும், இல்லை, நினைக்கக் கூடாது. "கீழ தீ கூடிப்போச்சுலா அக்கா, பாக்காவ் கரிய மறந்துட்டு வந்துட்டேன்," என்றாள். ஹாஜரா இடுக்கியை வாங்கினாள். சட்டிக்கு அடியிலிருந்து தணலை ஒவ்வொன்றாக இழுத்து மூடியின்மேல் ஏற்றினாள், நடுவில் குவிக்காமல் விளிம்பை ஒட்டி வைத்தாள், சாம்பலைத் தட்டிவிட்டாள், கையில் பதற்றமே இல்லை. அப்படி வைத்துக்கொண்டிருக்கும்போதே சட்டியைப் பார்த்தபடி கேட்டாள், "நீ சம்மதிச்சுட்டேன்னு அவரு சொன்னாரு. நெசமா? நீயா சரின்னு சொன்னே?"

சம்மதமா. யார் சொன்னது, எப்போது சொன்னேன், கல் பொறுக்கிக்கொண்டல்லவா இருந்தேன்... பொறுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நினைவில் நிற்க, அதன் பின்னாலிருந்து வேறொரு கை வந்தது, மருதாணி போட்ட கை, தன்னுடையதுதான், பத்து வருஷத்துக்கு முந்தியது. கெப்பாலா பத்தாஸில் உம்மாவின் வீட்டில் திரைக்கு அந்தப் பக்கம் வாப்பாவும் இரண்டு சாட்சிகளும் வந்து நிற்கிறார்கள், இன்னாரை உனக்கு நிக்காஹ் செய்ய உனக்குச் சம்மதமா என்று கேட்கிறார்கள், இவள் தலையைக் குனிந்துகொண்டு கையையே பார்க்கிறாள், மறுபடி கேட்கிறார்கள், மறுபடியும், இவள் மூச்சுக்கூட விடவில்லை, வெளியே யாரோ சந்தோஷமாகச் சொல்கிறார்கள், "பொண்ணு பேசல, சம்மதந்தான்!" அதுதானே முறை, குமரிப்பெண் வாய் திறக்காவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டும், அன்றைக்கு அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள், அன்றைக்கு அது நிஜமாகவே சரியாகவும் இருந்தது. அதையே அவர் மறுபடியும் எடுத்துக்கொண்டாரா? முகத்தைத் திருப்பியதை வெட்கம் என்று நினைத்தாரா, இல்லை, தெரிந்தே அப்படி நினைத்துக்கொண்டாரா? அப்படியானால் இந்தப் பத்து வருஷமும் தான் வாய் மூடியிருந்த இடத்திலெல்லாம்...

"நான் சொல்லல," என்றாள் காமாரியா. பிறகு, நிறுத்தினால் வராது என்று பயந்துபோய், "நான் தரமாட்டேன் அக்கா, எம்புள்ளய நான் யாருக்கும் தரமாட்டேன்" என்றாள், கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது, பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்த மலாய்க் குடும்பம் திரும்பிப் பார்த்தது. ஹாஜராவின் இடுக்கியில் ஒரு தணல் நின்றுபோய் இருந்தது. அதை மெதுவாக மூடியில் வைத்தாள். "நான் கேக்கல புள்ள," என்றாள். "அவராத்தான் சொன்னாரு. சொன்ன பொறவு எனக்கு ஆசை வந்துடுச்சு, என்ன செய்ய. பொட்டியில நீலப்பூ இருக்கட்டும்னுகூட நாந்தான் சொல்லி வுட்டேன்." கண்ணில் புகை பட்டதுபோல முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டாள், காற்று அந்தப் பக்கம் அடிக்கவில்லை, புகை அங்கே போகவே இல்லை. "அவருகிட்ட சொல்லிடு. எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது?"

அவர் வந்துகொண்டிருந்தார், ரோஹானா அவர் தோளில், தண்ணீர் சொட்டச் சொட்ட, பின்னல் அவிழ்ந்து முகமெல்லாம் முடி. காமாரியா எழுந்து நின்றாள். இப்போதே சொல்லிவிட வேண்டும், பாய் விரிப்பதற்கு முன்னால், சாப்பிட உட்கார்ந்துவிட்டால் பிறகு வயிறு நிறைந்தவரிடம் எப்படி, வண்டியில் ஏறிவிட்டால் பிறகு வண்டிக்காரன் இருப்பான், வீட்டுக்குப் போய்விட்டால் பிறகு... "சோறு ஆச்சா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார் ஷேக் அலாவுதீன், சிரித்துக்கொண்டு. "ஆச்சு," என்றாள். அந்த ஒரு வார்த்தை எவ்வளவு லேசாக வந்துவிட்டது, அதற்குப் பின்னால் வரவேண்டியது நாக்கின் அடியிலேயே உட்கார்ந்துகொண்டது. சற்றுமுன் அத்தனை தைரியம் எங்கிருந்து வந்தது? கடல் தாண்டி வந்து, கேட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொள்ள மட்டுமே முடிந்த ஒருத்தியிடம் என்றால் வருகிறது, இந்த மனுஷரிடம் என்றால்... அப்படியென்றால் அது தைரியந்தானா? அவர் பிள்ளையை மணலில் இறக்கிவிட்டார், அது ஓடிவந்து இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தது. ஹாஜரா நிமிர்ந்து காமாரியாவைப் பார்த்தாள். இவள் இப்போது சொல்லிவிடுவாள் என்று பார்க்கிறாளா, சொல்லாமல் இருந்துவிடட்டும் என்று பார்க்கிறாளா, காமாரியாவுக்குத் தெரியவில்லை, வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.