நிறைந்த மண்டபம்

கமலவேணி அக்கா தாம்பூலத் தட்டைத் தொடாமல் வாசலில் நின்றார். தட்டில் இருந்தது நாலு வெற்றிலை, இரண்டு பாக்கு, ஒரு சிட்டிகை குங்குமம். சர்க்கரை வைக்க வேண்டிய இடம் காலி. ஜப்பான்காரன் வந்த ஒன்றரை வருஷத்தில் எங்கள் ஊரான காஜா பெராங்கில் சர்க்கரையைப் பார்த்தவர் யாரும் இல்லை.

“எங்க மூர்த்தியோட அப்பாவ சயாமுக்குக் கொண்டுபோயி நாலு மாசமாச்சு. ஒரு கடுதாசி இல்ல. பையன நான் ரோட்டுப் பக்கமே விடறதில்ல லா, கலியாணம்,” என்றார் என்னிடம்.

“கச்சேரிதானேக்கா. நம்மாளு வாசிக்கிறான்னு நாலு பேரு வந்து குந்தினா எனக்குப் பெருமைதானே? வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடறேன். வேணாங்கிறீங்களா?”

வெற்றிலை வைத்துக் கூப்பிட்ட பிறகு மாட்டேன் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகூட அதற்கு வந்துதான் ஆகும். அது தெரிந்துதான் நான் தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தேன். அக்கா ஒரு இலையை எடுத்துக்கொண்டார். அது முப்பத்தோராவது வீடு.

நான் மரம் அறுக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவன். என்னிடம் இருந்த நல்ல விஷயம் ஒன்றே ஒன்று, ரம்பத்தில் பாட்டு வாசிப்பது. கைப்பிடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, நுனியை இடக்கையால் வளைத்து, பல் இல்லாத விளிம்பில் வயலின் வில்லை இழுத்தால் ரம்பம் பாடும். கல்யாண வீடுகளில் வாசித்தால், “மரத்த அறுத்தது போதாதுன்னு எங்களயும் அறுக்க வந்துட்டியா?” என்று கேலி செய்வார்கள். கேலி செய்துவிட்டு இன்னொன்று வாசி என்பார்கள். அந்த வித்தைதான் என் தம்பியைக் காப்பாற்றப்போகிறது என்று நினைத்தேன். நினைத்தவன் வாயில் மண்ணைப் போட வேண்டும்.

தம்பி தம்பிராஜாவை ஜப்பான் சிப்பாய்கள் சந்தையில் வைத்துப் பிடித்தார்கள். கையில் மரவள்ளிக்கிழங்குப் பையோடு லாரியில் ஏற்றி, பள்ளிக்கூடக் கொட்டகை ஒன்றில் அடைத்துவிட்டார்கள். அடுத்த வண்டியில் சயாமுக்கு, ரயில் பாதை போட. அதே வாரம் பட்டாளத்துக் கேப்டன் ஜப்பானின் வெற்றி நாளுக்கு டவுன் பேண்டைக் கச்சேரி வைக்கச் சொன்னான். வயலின், குழல், எக்காளம் எல்லாம் சேர்த்து இருபது பேர். புதுமையாக ஒன்று வேண்டும் என்று அவன் கேட்டபோது பேண்டு மாஸ்டர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். கேப்டனின் மொழிபெயர்ப்பாளர் சேதுராமன் பட்டறைக்கே வந்தார். முன்பு வாத்தியாராக இருந்தவர். நான் அவர் காலில் விழாத குறையாகத் தம்பியைப் பற்றிச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பதில் கொண்டுவந்தார்.

“மண்டபம் நெறஞ்சிருக்கணும்னு கேப்டன் சொல்றாரு. முக்கியமா நம்ம தமிழாளுங்க. நெறஞ்சா, அன்னிக்கே உங்க தம்பி உங்ககூட வீட்டுக்கு வந்துரும்.”

எனக்குச் சந்தேகமே வரவில்லை. காலி மண்டபத்தில் வாசிக்க யாருக்குத்தான் பிடிக்கும்? அதோடு, ஒளிப்பானேன், எனக்கு உள்ளுக்குள் ஆசையும் இருந்தது. இருபது பேர் பின்னால் வாசிக்க நான் நடுவில் உட்காரப்போகிறேன். அதை என் ஆட்கள் பார்க்க வேண்டாமா?

பார்க்க வந்தார்கள். ஒரு வீடு பாக்கியில்லை. இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். கமலவேணி அக்காவின் மகன் கணேசமூர்த்தி அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு மூன்றாவது பெஞ்சியில் இருந்தான். சட்டை தொளதொளவென்று இருந்தது. முன்வரிசையில் கேப்டன். பேண்டு இரண்டு உருப்படி வாசித்து முடித்ததும் பக்கவாட்டுக் கதவருகே ஒரு சிப்பாய் தம்பிராஜாவைக் கொண்டுவந்து நிறுத்தினான். பன்னிரண்டு நாளில் தம்பி பாதியாகியிருந்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்கள் என்று என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

வில்லை வைத்தேன். முதல் சுரத்துக்கே மண்டபம் அடங்கியது. வயலின்கள் பின்னால் மெதுவாகச் சேர்ந்துகொண்டன. என் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை, அந்தப் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். கேப்டன் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் வெளியே லாரிகளின் சத்தம் கேட்டது. ஒன்று அல்ல, ஐந்தாறு. சிப்பாய்கள் ஆண்கள் பக்கம் வந்து பின் வரிசையை எழுந்திருக்கச் சொல்லிக் கை காட்டினார்கள். ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசைக்குக் கும்பிடச் சொல்வதாக நினைத்து ஆட்கள் மரியாதையாக எழுந்தார்கள். அப்படியே வரிசையாக வெளியே நடத்திப் போனார்கள். அடுத்த வரிசை. அதற்கு அடுத்தது. பெண்கள் பக்கம் ஒருத்தி வீறிட்டாள். வயலின்கள் ஒவ்வொன்றாக நின்றன. என் வில்லும் தடுமாறியது.

சேதுராமன் என் பின்னால் வந்து குனிந்தார். “நிறுத்தாதீங்க. கேப்டன் கேட்டுக்கிட்டு இருக்காரு. நிறுத்தினா தம்பியும் அந்த லாரியிலதான்.”

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாசித்தேன்.

மூர்த்தி இருந்த மூன்றாவது பெஞ்சி எழுந்தது. கமலவேணி அக்கா ஓடவில்லை, கத்தவில்லை. நேராக மேடையேறி என் முன்னால் வந்து, ரம்பத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். யார் கை பட்டாலும் ரம்பம் ஊமையாகிவிடும். மண்டபத்தில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

“போதும்பா,” என்றார். “என் புள்ளயக் கூப்பிடு. நீ கூப்பிட்டுத்தானே வந்தான்?”

கேப்டன் கண்ணைத் திறந்தான். கதவருகே நின்ற சிப்பாய் தம்பிராஜாவின் தோளைப் பிடித்தான்.

நான் அக்காவின் மணிக்கட்டைப் பற்றி அந்தக் கையை ரம்பத்திலிருந்து எடுத்தேன். முரட்டுத்தனமாக அல்ல, மெதுவாகத்தான் எடுத்தேன். பிறகு நுனியை வளைத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். நான் விலக்கிய இடத்திலேயே அவர் கை அப்படியே நின்றது. அந்த விரல்களுக்கு அப்பால் இடது பக்கத்துப் பெஞ்சிகள் எல்லாம் காலியாக இருந்தன.