ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு

1

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜனக்புரி குடியிருப்பின் தமிழ் மலருக்கு, 'தில்லியில் குழந்தைகளை அழைத்துப்போகப் பத்துக் கண்காட்சிகள்' என்று ஒரு கட்டுரை வேண்டுமென்றார் மாதுரி. மலரின் ஆசிரியரும் அவர்தான், புரூஃப் பார்ப்பவரும் அவர்தான், முழுக்கப் படிப்பவரும் அநேகமாக அவர் ஒருவர்தான். அமைச்சகத்தில் பதினெட்டு வருஷமாகக் கோப்புக் குறிப்பு எழுதுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று ஒப்புக்கொண்டேன். நவம்பரில் வர்த்தகக் கண்காட்சி, பிப்ரவரியில் சூரஜ்குண்ட் மேளா, ஜூலையில் மாம்பழத் திருவிழா. மூன்றாவதை எழுதும்போதே ஒரு மனிதரும் ஒரு சிறுமியும் கையில் மாம்பழத்தோடு உள்ளே வந்துவிட்டார்கள்.

[மாதுரி, மன்னிக்கவும். மீதி ஏழு இடங்கள் கிடைக்காது.]

2

முதல் தொடக்கம்: வர்த்தகக் கண்காட்சி நடக்கும் பிரகதி மைதான் வாசலில், பதினோரு வயது சுபிக்ஷா தன் அப்பா வெங்கியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆவலோடு...

ஆவலோடு என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கே இல்லையே.

இரண்டாவது தொடக்கம்: இந்த மாநகரில் எத்தனையோ அப்பாக்கள்...

வேண்டாம், நேராகவே சொல்கிறேன். சுபிக்ஷா என் மகள். வெங்கி போன வருஷத் தொடக்கம் வரை என் கணவர். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு அவர் முறை. காலை பதினோரு மணிக்கு மெட்ரோ வாசலில் அவளை ஒப்படைப்பேன், மாலை ஆறு மணிக்குத் திரும்ப வாங்கிக்கொள்வேன். நடுவில் உள்ள ஏழு மணி நேரத்தை, அவள் பையிலிருந்து வெளியே வருவதை வைத்துத்தான் எழுதவேண்டியிருக்கிறது. ஒரு மண் விசில், கசங்கிய நுழைவுச்சீட்டு, சட்டையில் மாம்பழக் கறை.

3

வெங்கி என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் வர்த்தகக் கண்காட்சிக்கு ஒரு தடவைகூட என்னோடு வந்தவரில்லை. கூட்டம் என்றாலே அவருக்கு மூச்சு முட்டும். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாகப் போவேன். எல்லாத் தில்லித் தமிழர்களையும் போல நேராகத் தமிழ்நாட்டு அரங்கில் நுழைந்து, கரோல்பாகில் கிடைக்கிற அதே அப்பளத்தை வரிசையில் நின்று வாங்கி வருவேன். ஒரு வருஷம் அவர் சொன்னார், என்னை நடக்கச் சொல்லாதே, எங்கேயாவது உட்காரச் சொல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருகிறேன் என்று. நானும் அந்தக் கண்காட்சியில் இரண்டு பிரம்பு ஸ்டூல் வாங்கி வந்தேன், பால்கனியில் போட்டு உட்காரலாம் என்று. அன்று சாயங்காலமே சண்டை. ஸ்டூல்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கட்டிலடிக்குப் போயின.

அந்த மனிதர்தான் இப்போது ஒரு மேளாவையும் விடுவதில்லை. படிக்கிற நீங்கள் நம்புவீர்களா? எனக்கே நம்பிக்கை இல்லை. கோபம்தான் வந்தது. எனக்காக ஒரு நாளும் நடக்காத கால்...

[இந்த வாக்கியத்தை முடித்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.]

4

ஓர் அடிக்குறிப்பு. அவருக்கு இந்த இடங்களெல்லாம் எப்படித் தெரிந்தன என்று கேட்பீர்கள். நான்தான் அனுப்பினேன். பிரிந்த மாதமே, ஆண்டு முழுவதற்குமான பட்டியல், தேதிவாரியாக, 'தகவலுக்கும் உரிய நடவடிக்கைக்கும்' என்று மேலே குறிப்பிட்டு. குழந்தையை டி.வி. முன்னால் உட்காரவைத்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு. அவரும் அரசு நிறுவனத்து ஆள். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டால் ஏன் என்று கேட்கமாட்டார், வரிசை எண் தவறாமல் நிறைவேற்றிவிடுவார்.

5

நேற்று சனிக்கிழமை காலை, தலை பின்னிக்கொண்டிருந்தபோது, சூரஜ்குண்டுக்குப் போகப்போவதில்லை என்றாள் சுபிக்ஷா.

"அப்பா ஒவ்வொரு ஸ்டாலா நின்னு பாக்கறார்மா. எனக்குக் கால் வலிக்கறது. அவருக்குப் பிடிக்கும்னுதான் பேசாம இருந்தேன்."

அவளுக்குப் பிடிக்கும் என்றுதான் அவர் நடக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. இந்தப் பதினாலு மாதமும் ஒருவருக்காக ஒருவர் கால் வலிக்க நடந்திருக்கிறார்கள், என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு. பின்னே எங்கேதான் போகவேண்டும் என்று கேட்டேன்.

"அப்பா ரூமுக்கு. சும்மா. உக்காந்துண்டு இருக்கணும், அவ்ளோதான்."

முனிர்காவில் அவர் வாடகைக்கு இருக்கும் அறையை அவள் பார்த்ததே இல்லை. இரண்டு தடவை கேட்டாளாம். இரண்டு தடவையும் அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம்.

6

முடிவு அ: நான் வாயைத் திறக்காமல் அவளை மேளாவுக்கு அனுப்பிவிடுகிறேன். கொஞ்சம் சோகம், கொஞ்சம் சிரிப்பு. மலருக்குப் பொருத்தமான முடிவு. ஆனால் குழந்தைக்குக் கால் வலிக்கும்.

முடிவு ஆ: அவள் போகவில்லை. அடுத்த முறையும் போகமாட்டாள். ஏன் வரவில்லை என்று வெங்கி கேட்கமாட்டார், அவர் சுபாவம் அப்படி. நாலைந்து ஞாயிறு இப்படிப் போனால் அவளுக்கு அப்பா என்பது ஃபோனில் வருகிற குரல் மட்டும்தான். நேற்று முழுக்க என்னைப் பயமுறுத்தியது இந்த முடிவுதான்.

முடிவு இ: இதை உட்கார்ந்து எழுத முடியாது, ஃபோன் செய்துதான் பார்க்கவேண்டும். செய்தேன்.

7

பிரிந்த பிறகு அவரை எப்படிக் கூப்பிடுவது என்று விளங்காமல், பெயரும் சொல்லாமல் 'நீங்க'வும் சொல்லாமல் பேசப் பழகியிருக்கிறேன். பட்டியல் ரத்து என்றேன். அவளுக்கு மேளா வேண்டாமாம், அறையைப் பார்க்கவேண்டுமாம் என்றேன்.

ஜன்னல் இல்லை என்றார். படி ரொம்பச் செங்குத்து என்றார். பகலிலும் விளக்குப் போடவேண்டும் என்றார். கோப்பில்கூட உண்மையான காரணம் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.

"ரூம்ல ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கு, வத்சு. அவளை எங்க உக்காரச் சொல்லுவேன்?"

வத்சலா என்ற என்னை அப்படிக் கூப்பிட வேறு யாரும் இல்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பாவமாக இருந்தது, பிரியமாகவும் இருந்தது. அதை உங்களிடம் மறைத்து என்ன பிரயோஜனம்? வீட்டில் ஸ்டூல் இருக்கிறது, கொண்டுவருகிறோம் என்று சொன்னேன். எத்தனை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

8

இப்போது ஞாயிறு காலை, மணி பத்து. கட்டிலடியிலிருந்து ஸ்டூல்களை இழுத்துப் பிளாஸ்டிக்கைக் கிழித்தாயிற்று. சுபிக்ஷா இரண்டையும் துடைத்துக் கதவருகே வைத்திருக்கிறாள். ஜனக்புரி மேற்கிலிருந்து முனிர்காவுக்கு ஒரே ரயில், நடுவில் மாறவேண்டியதில்லை. ஸ்டூல் கனமும் இல்லை.

அவருக்கு நாற்காலி இருக்கிறது. அவளுக்கு ஒரு ஸ்டூல் போதும். அவர் அறைக்குக் கீழே உள்ள கடைத்தெரு வரை அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் திரும்பிவிடலாம். இரண்டையும் எடுத்துப்போனால் மூன்று பேர் உட்காரலாம்.

"அம்மா, ஒண்ணா ரெண்டா? ஜல்தி சொல்லு" என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறாள்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனை தூரம் கூடவே வந்தீர்களே, நீங்கள் சொல்லுங்கள்.